குறை சொல்லாத மேஜை

படிக்கட்டில் ஏறும்போதே ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. கீழ்வீட்டுக்காரர்கள் குப்பையை வெளியே வைக்க மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன். சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளியதும் அது முகத்தில் அறைந்தது. குப்பை இல்லை. கேஸ்.

சமையலறையில் அக்கா எனக்கு முதுகைக் காட்டியபடி நின்று கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு வெந்த தண்ணீர் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. அடுப்பின் குமிழ் முழுவதும் திறந்தே இருந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பக்கத்து அடுப்பில் வாணலியை ஏற்றினாள். லைட்டரைக் கையில் எடுத்தாள்.

தோள்பையை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்த வேகத்தில் லைட்டர் எகிறிப் போய்ப் பாத்திரத் தொட்டிக்குள் விழுந்தது.

"என்னடி, பேய் பிடிச்சிருக்கா உனக்கு?"

"பேசாத. சுவிட்ச் எதையும் தொடாத. வெளிய வா."

குமிழை மூடினேன். சிலிண்டரை மூடினேன். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு அவளைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனேன். காய்ந்த துணிகளுக்கு நடுவே இரண்டு பேரும் நின்றோம். அக்கா முகத்தில் பயமே இல்லை. தூக்கத்தில் எழுப்பப்பட்டவள் போல என்னைப் பார்த்தாள். அவள் காலடியில் இருந்த தொட்டிச் செடி வாடி வதங்கிக் கிடந்ததையும், அதன் மண், எண்ணெய் தடவியதுபோல மினுங்கியதையும் எதற்காகவோ அப்போது கவனித்தேன். அதிர்ச்சி வந்தால் மனது இப்படித்தான் சம்பந்தமில்லாத ஒன்றைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது.

"கேஸ் வாடை வரலையா உனக்கு?"

"வந்துச்சே. என்னன்னு பார்க்கலாம்னுதான் இருந்தேன்."

"லைட்டரை வெச்சுக்கிட்டா?"

அவள் கொடியிலிருந்த துண்டு ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

இதை வெளியே சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஏனென்றால் அக்காவின் பிழைப்பே மூக்குதான். வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் நின்ற இடத்தில் சமைத்து முடிப்பதற்கான பொடிக் கலவைகளும், பூண்டு, மிளகாய், எலுமிச்சைத் தோல் என்று மணம் ஏற்றிய எண்ணெய்களும் செய்கிற சின்னக் கம்பெனி அவளுடையது. அவளுடையது என்றால் சொந்தம் இல்லை, ஆனால் அங்கே எல்லாவற்றுக்கும் கடைசிச் சொல் அவளுடையது. ஒரு தகரக் கொட்டகை, இரண்டு கலக்கும் டிரம்கள், பேக்கிங்கில் நாலைந்து பெண்கள், ஒரு மேனேஜர். அவளுக்கு அங்கே பெயர் மூக்கம்மா. அவள் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் பாட்டிலுக்கு மூடி விழும்.

கேஸ் போனதும் உள்ளே வந்தோம். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வை சோதிப்பது என் வேலை. கண் தெரியவில்லை என்று சிலர் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முன்னால் போனவர் படித்ததைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே ஒப்பிப்பார்கள். ஒப்பிக்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு சின்ன அவசரம் தெரியும். துண்டை மடித்த அக்காவின் முகத்தில் அதைப் பார்த்தேன்.

"கண்ணை மூடு," என்றேன்.

"எதுக்கு?"

"மூடேன். என் மேல சத்தியமா மூடு."

வினிகர் பாட்டிலின் மூடியை 'டப்' என்று திறந்தேன். திறந்துவிட்டு அதைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்தேன். காபித்தூள் டப்பாவை எடுத்து அவள் மூக்கின் கீழே பிடித்தேன்.

அக்கா ஆழமாக மூச்சை இழுத்தாள். மூக்கைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பு அச்சு அசலாக இருந்தது.

"வினிகர்," என்றாள்.

கண்ணைத் திறந்தாள். டப்பாவைப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் சமையலறையே தன் இடத்தை விட்டு ஒரு சாண் நகர்ந்து நின்ற மாதிரி எனக்கு இருந்தது. அதே சுவர், அதே கரண்டிகள். எதுவும் பழையபடி இல்லை.

"எப்ப இருந்து?"

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்."

மழை தொடங்கிய சமயத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவராகப் படுத்த காய்ச்சல் அது. இப்போது மழைக்காலமே முடிந்துவிட்டது.

"டாக்டர் தானா வந்துடும்னார். நானும் வந்துடும், வந்துடும்னு பார்த்தேன். நாக்கு நல்லாத்தான் இருக்கு. உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, காரம் தெரியுது. அதுக்கு மேல ஒண்ணும் இல்லடி. தரை மட்டும் இருக்கு, வீட்டைக் காணோம்."

"அப்போ வேலை? அங்க எப்படிச் சமாளிக்கிற?"

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை நாள் யாரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியாத ஒன்றைக் காட்டப் போகிறவளின் வெளிச்சம்.

"உங்களை வெச்சுத்தான். ஒவ்வொரு கலவையையும் வீட்டுக்குக் கொண்டு வந்து சமைக்கிறேன்ல? சாப்பிடறப்ப உங்க முகத்தையே பார்த்துட்டிருப்பேன். நீங்க யாரும் முகம் சுளிக்கலைன்னா சரியா வந்திருக்குன்னு அர்த்தம். மாமா 'பிரமாதம்'னு சொன்னா மறுநாளே டிரம்மை ஓட்டச் சொல்லிடுவேன். உங்க மூணு மூக்கு எனக்கு. இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பினதில்லை."

எங்கள் வீட்டு மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. அக்கா போட்ட ஒரே சட்டம். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அப்பாவுக்கு உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டு பறக்கும். சுவரில் வழிந்த குழம்பை அம்மா துடைக்க, நாங்கள் இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் சிதறியதைப் பொறுக்குவோம். அதனால் அக்கா கல்யாணத்துக்கு முன்னால் மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். 'சாப்பிடற இடத்துல யாரும் குறை சொல்லக்கூடாது.' மாமா தலையாட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் அந்த வார்த்தையை மீறியதில்லை. அவர்கள் மகள் சுண்டெலி பேசக் கற்றுக்கொண்டபோதே 'நல்லா இருக்கு' என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். நானும் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அதையே சொல்கிறேன்.

மழைக்காலத்திலிருந்து இந்த வீட்டுச் சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் இருந்தது. அதையும் நாங்கள் நல்லா இருக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு வாரம் கிராம்பு மட்டுமே போட்ட மாதிரி ஒரு கோழி, பல் டாக்டர் அறைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது போல. ஒரு வாரம் நூடுல்ஸில் கருகிய பூண்டு. இப்போது கொஞ்ச நாளாகப் புதிதாக ஒன்று. எட்டாம் நம்பர் கலவை, அதற்குத் துணையாகப் பூண்டு எண்ணெய். அந்த எண்ணெயில் பூண்டைத் தாண்டி ஒரு சிக்கு வாடை, வெயிலில் கிடந்து கெட்டுப்போன பழைய எண்ணெயின் வாடை. அக்காவுக்கு வேலையில் என்னவோ மனக்கஷ்டம், அதான் கை சரியாக வரவில்லை என்று நானும் மாமாவும் ஜாடையாகப் பேசிக்கொண்டோம். பாவம், கேட்டுப் புண்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

"எட்டாம் நம்பர் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"பாட்டில் எல்லாம் நிறைஞ்சாச்சு. நாளைக்குக் கடைக்காரங்க வர்றாங்க, அவங்க முன்னாடி நானே சமைச்சுக் காட்டணும். அவங்க தலையாட்டினா கொட்டகைக்கு நல்ல காலம். என் பேர்லதான் எல்லாம் நிக்குது." அவள் என் கையைப் பிடித்தாள். "மாமாகிட்ட சொல்லாத, என்ன? நாளைக்கு மட்டும் தாண்டட்டும்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கதவில் சாவி திரும்பியது.

மாமா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். கையில் கிரீஸ் போகாத கோடுகளோடு, சுண்டெலியைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னான விளையாட்டு வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன கண்ணாடி டாக்டர், எல்லா ஜன்னலும் திறந்திருக்கு? காத்து வாங்கறீங்களா, விக்கறீங்களா?"

"சும்மாதான் மாமா," என்றேன்.

அக்கா அதற்குள் அடுப்பைத் துடைத்துப் பற்றவைத்திருந்தாள். அவள் சமைப்பதைப் பார்ப்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும். அன்றும் பார்த்துக்கொண்டே நின்றேன். வேகவைத்த உருளைக்கிழங்கைக் கையாலேயே உடைத்துத் தட்டில் பரப்பினாள். வாணலியில் கேரட்டும் பச்சைப் பட்டாணியும் போட்டு, அதன் மேல் முந்தின வேளைச் சோற்றை உதிர்த்துக் கிளறினாள். முட்டைகளை உடைத்து ஊற்றினாள். எட்டாம் நம்பர் பொடியை உயரத்திலிருந்து தூவினாள், எல்லா இடத்திலும் சமமாக விழ வேண்டும் என்பதற்காக. கடைசியில் பூண்டு எண்ணெயை ஒரு சுற்று. அந்தக் கையில் ஒரு தயக்கமும் இல்லை. அந்த வாடை எழும்பியபோது மாமா ஜன்னல் பக்கமாக ஒரு அடி நகர்ந்தார். அக்கா அவருக்கு முதுகைக் காட்டி நின்றதால் அது அவள் கண்ணில் படவில்லை.

உட்கார்ந்தோம். அக்கா பரிமாறிவிட்டு, தன் தட்டைத் தொடாமல் எங்களைப் பார்த்தாள். இத்தனை நாளும் இப்படித்தான் பார்த்திருக்கிறாள். நாங்கள் அதை அன்பு என்று நினைத்திருந்தோம்.

மாமா ஒரு வாய் எடுத்து வைத்தார். ஒரு இறுக்கமும் இல்லாத முகம். அனுபவம்.

"பிரமாதம்," என்றார்.

"நல்லா இருக்கும்மா," என்றாள் சுண்டெலி, தட்டைத் தூக்கிக்கொண்டே. "நான் பால்கனியில உட்கார்ந்து சாப்பிடறேன்."

அக்காவின் தோள்கள் இறங்கின. நிம்மதியாக ஸ்பூனை எடுத்தாள். நாளைக்கு இதையே முன்பின் தெரியாதவர்களுக்குச் சமைத்து, அவர்கள் முகத்தையும் இதே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"நல்லா இல்ல," என்றேன்.

அந்த மேஜையில் அந்த வார்த்தை அதுவரை விழுந்ததே இல்லை. மாமாவின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. சுண்டெலி பால்கனி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அக்காவின் கண்கள் ஒரு கணம் சுவருக்குப் போய்த் திரும்பின. எதையோ எதிர்பார்த்து. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மேஜைக்கு அடியில் அவளோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

"என்ன பேசற நீ," என்றார் மாமா மெதுவாக. "இந்த வீட்டுல ஒரு வழக்கம் இருக்குல்ல?"

"அவளுக்கு வாசனையே தெரியாது மாமா. காய்ச்சல் வந்ததுல இருந்து. நம்ம முகத்தைப் பார்த்துத்தான் கம்பெனியில கலவை ஓட்டறா."

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் காட்டிக் கொடுத்தது அவள் முகத்தில் சிவப்பாக ஏறியது. ஆனால் அது அங்கே நிற்கவில்லை. அவளுடைய மூளை ஒரு படி தாண்டிப் போவதை என்னால் பார்க்க முடிந்தது.

"நல்லா இல்லைன்னா... எப்படி நல்லா இல்ல?"

"எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது அக்கா. ரொம்பப் பழசு மாதிரி."

"இல்லடி. டிரம் புதுசுதான், ஜன்னலோரம்..." அவள் நிறுத்தினாள். "வெயில்ல இருந்துச்சு." பிறகு மாமாவிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க."

அந்த மனிதர் கிணறு மாதிரி ஆழமான குழிக்குள் தொங்கும் லிஃப்டின் மேல் நின்று வேலை பார்க்கிறவர். அப்போது ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மனசு நோகக்கூடாதுன்னுதான்..." என்றார். "கொஞ்சம் வாடை வருதும்மா. கொஞ்சம்தான்."

"கிரேயான் பெட்டியைத் திறந்தா வருமே, அந்த வாடை," என்றாள் சுண்டெலி வாசலிலிருந்து. சொல்லிவிட்டு, சொல்லலாமா என்று அப்பாவைப் பார்த்தாள்.

அது அவ்வளவு சரியான வார்த்தை. நாங்கள் தேடிக்கொண்டிருந்ததே அதைத்தான்.

"எப்ப இருந்து?" அக்கா கேட்டாள்.

மாமா தட்டிலிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

"இன்னிக்கு மட்டுமா? இந்த வாரமா? கிராம்புக் கோழி? அதை நீங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே?"

"அது ரொம்பக் கஷ்டப்பட்டுச் சாப்பிட்டேன்," என்றார் மாமா. "வரும்போது பேக்கரியில ஒரு பன் தின்னுட்டு வருவேன். தினமும்."

அக்கா எழுந்து பால்கனிக்குப் போனாள். சுண்டெலி தட்டைப் பின்னால் மறைத்தாள். அக்கா அந்த வாடிய செடியின் மண்ணை விரலால் கிளறினாள். நூடுல்ஸ் துண்டுகள் வந்தன, ஒரு பீன்ஸ் வந்தது, எறும்புகள் வரிசையாக வந்தன. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் உங்க முகத்தை நம்பினேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். "என் மூக்கு போனப்பகூட இவ்வளவு பயம் வரல. நீங்க இருக்கீங்கன்னு இருந்தேன்."

மாமா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

இரண்டு கேள்விகளும் அந்தத் தொட்டிக்கு மேலே அப்படியே நின்றன. ஒரு வீட்டில் இத்தனை பேர், இத்தனை நாள், இவ்வளவு பிரியத்தோடு ஒருவரையொருவர் ஏமாற்ற முடியுமா? இன்று கேஸ் வெடித்திருந்தால் எங்களுக்கு இது தெரியாமலேயே போயிருக்கும்.

கடைசியில் அக்காதான் எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தாள். நாங்கள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள், இனிமேல் இந்த மேஜையில் ஒளிவுமறைவு கிடையாது என்பது போல.

"சார், எட்டாம் நம்பர் நாளைக்கு வேண்டாம். எண்ணெய் கெட்டுப்போயிருக்கு."

"எண்ணெய்தானா?" என்றார் மேனேஜர்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "என் மூக்கும் சார். மழை ஆரம்பத்துல இருந்தே. மறைச்சுட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று மாமா குனிந்து பார்த்தார்.

"நேத்து ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்தேம்மா," என்றார் மேனேஜர். அவர் குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "குப்புன்னு அடிச்சுது. மூக்கம்மா சரின்னு சொல்லியிருக்கா, அப்போ என் மூக்குலதான் கோளாறுன்னு நினைச்சு இன்னிக்குக் காலையில டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேக்கிங் பொண்ணுங்க?"

"அவங்க மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு வேலை பார்க்கறாங்க. தூசின்னு சொன்னாங்க. இப்பத்தான் புரியுது." பெருமூச்சு விட்டார். "கடைக்காரங்களை நான் அடுத்த மாசத்துக்குத் தள்ளிடறேன். நாளைக்கு வா, பேசுவோம். வரும்போது மோந்து பார்க்க யாரையாவது கூட்டிட்டு வா. பொய் சொல்லாத ஆளா."

அக்கா எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அப்படி யாரும் எங்க வீட்டுல இல்ல சார்," என்றாள்.

வேலை போகவில்லை. ஆனால் கடைசிச் சொல் போய்விட்டது. ஜன்னலோர டிரம்மைக் காலி செய்தார்கள், நிறைத்த பாட்டில்களைத் திரும்பத் திறந்தார்கள். கொட்டகையில் இனி அக்கா எடை போடுவாள், கலப்பாள், சூடு பார்ப்பாள். மோந்து சொல்வது பேக்கிங்கில் இருக்கும் இரண்டு பெண்கள். முதல் நாள் அவர்கள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம், அவள் தலை எந்தப் பக்கம் ஆடும் என்று. அக்கா திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டாளாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். மூக்கம்மா என்ற பெயர் மட்டும் மாறவில்லை. அதை மாற்ற அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

வீட்டில் கேஸ் வாடைக்குச் சத்தம் போடும் கருவி ஒன்றை மாமா மாட்டியிருக்கிறார். பூண்டு எண்ணெயை அக்கா இப்போது அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுகிறாள். சுண்டெலி ஸ்டூலில் ஏறி நின்று பக்கத்தில் காவல். 'இன்னும் பச்சை வாடை... இப்ப நல்ல வாடை... நிறுத்தும்மா, கருகப் போகுது.' அவள் சொன்னதும் அக்கா அடுப்பை அணைப்பாள். அணைத்துவிட்டு எண்ணெயைப் பார்ப்பதில்லை, மகளின் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்தப் பழக்கம் போகாது போலிருக்கிறது.

குறை சொல்வதுதான் எங்களுக்கு வரவில்லை. சட்டத்தை மாற்றிவிட்டாள் அக்கா. 'தட்டு பறக்கக்கூடாது, அவ்வளவுதான். மத்தபடி வாயைத் திறங்க.' ஆனாலும் முதல் சில நாள் மேஜையில் பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் வறுத்த முட்டைக்கோஸும் சோறும். புது எண்ணெய், எலுமிச்சைத் தோல் போட்டது. உண்மையில் அவ்வளவு நன்றாக இருந்தது. நான் பேசாமல் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன். மாமா தொண்டையைச் செருமினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொல்லத் துணிந்தவர் போல அக்காவை நேராகப் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

அக்காவின் கண்கள் சுவருக்குப் போயின. போன வேகத்தில் திரும்பி வந்தன. தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றாள். நாங்கள் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பொய்," என்றாள். "உப்பு எனக்குத் தெரியும். சரியா இருக்கு."

மாமாவின் காது சிவந்துவிட்டது. "சும்மா பழகிப் பார்த்தேன்," என்றார்.